வேந்தர் என்றால் யார்? கிராதிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரின் கதை



போன வருஷம் எங்க அண்ணனுக்குப் பட்டமளிப்பு விழா. வீட்டுக்கு வந்த அழைப்பிதழை எங்க பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பாதியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, வேந்தர் தலைமை தாங்குறார்னு போட்டிருக்கு. ராஜா வர்றாராடா?"

"அய்யோ பாட்டி, வேந்தர்னா சான்சலர்."

"சான்சலர்னா?"

மாட்டிக்கிட்டேன். எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான். ஒரு மொழியில் வேந்தர், இன்னொரு மொழியில் சான்சலர், இரண்டு வார்த்தையும் தெரியும். இரண்டுக்கும் அர்த்தம்தான் தெரியாது. "பெரிய ஆபீசர் பாட்டி" என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: இந்தப் பட்டம் முதலில் பெரிய ஆபீசருக்கு உரியதே இல்லை. நம்ம காலேஜ் ஆபீஸ் கவுண்ட்டரில் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனஃபைடு சர்ட்டிஃபிகேட் விண்ணப்பத்தை வாங்கி வைக்கிறாரே, கிட்டத்தட்ட அவருடைய பட்டம் அது. பாட்டிக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு

ஒரு பின்னத்தைச் சுருக்குகிறீர்கள். மேலே ஒரு எக்ஸ், கீழே ஒரு எக்ஸ். என்ன செய்வீர்கள்? இரண்டின் மேலும் குறுக்காக ஒரு கோடு. "கேன்சல்."

சான்சலர் என்ற சொல்லும் இந்த கேன்சல் என்ற சொல்லும் அக்கா தம்பி. இரண்டுக்கும் அம்மா 'கான்செல்லி' என்ற லத்தீன் சொல். கான்செல்லி என்றால் கிராதி. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் அடித்த தடுப்பு. பழைய வீடுகளின் திண்ணையில் மரத்தில் இருக்குமே, அதேதான்.

ஒரு பத்திரம் செல்லாது என்று காட்ட, அதன் எழுத்துகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவார்கள். பார்க்க கிராதி மாதிரியே இருக்கும். அதற்குப் பெயர் 'கான்செல்லாரே', அதாவது கிராதி போடுவது. அதுதான் நம்ம ரயில் டிக்கெட் கேன்சல் வரைக்கும் வந்து நிற்கிறது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சிலர்:

- சான்செல்: தேவாலயத்தில் பீடம் இருக்கும் பகுதி. மக்கள் உட்காரும் இடத்தில் இருந்து அதைக் கிராதி பிரித்ததால் வந்த பெயர்.
- சான்சரி: தூதரகத்தின் அலுவலகப் பகுதி. டெல்லி சாணக்கியபுரிப் பக்கம் போனால் போர்டில் பார்க்கலாம்.
- கேன்சலஸ் எலும்பு: பயோமெடிக்கல் நண்பர்களுக்குத் தெரியும். எலும்புக்குள் பஞ்சு போல, வலைப்பின்னலாக இருக்கும் பகுதி. கிராதி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

கணக்கு, டிக்கெட், தேவாலயம், தூதரகம், எலும்பு எல்லாவற்றிலும் ஒரே கிராதி. இனி அந்தக் கிராதிக்குப் பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்ப்போம்.

கிராதிக்குப் பக்கத்தில் நின்ற ஆள்

ரோமப் பேரரசின் பிற்காலம். நீதிமன்றத்தில் நீதிபதி உட்காரும் இடத்துக்கும் கூட்டம் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கிராதி. அதன் பக்கத்தில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, யாரை உள்ளே விடுவது, எந்த மனுவை உள்ளே கொடுப்பது என்று பார்த்துக்கொண்டவர் 'கான்செல்லாரியுஸ்'. கிராதிக்காரர். இன்றைய கோர்ட் டவாலியும் ஆபீஸ் கிளார்க்கும் சேர்ந்த வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு சின்ன வேலை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற பழைய நூல், 283 முதல் 285 வரை ஆண்ட கரினுஸ் என்ற பேரரசரைத் திட்டித் தீர்க்கிறது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, தன் கான்செல்லாரியுஸ்களில் ஒருவனை ரோம் நகரத்தின் தலைமை அதிகாரியாக்கிவிட்டார் என்பது. அந்த நூலில் கட்டுக்கதை நிறைய உண்டு, எல்லாவற்றையும் நம்ப முடியாது. ஆனால் 'டவாலியை மேயர் ஆக்கிட்டான்' என்பது வசவாக எடுபட வேண்டுமென்றால், படிக்கிறவர்கள் மனதில் அந்த வேலை கீழான வேலையாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. 6ஆம் நூற்றாண்டு இத்தாலி. கஸியோடோருஸ் என்ற உயர் அதிகாரி, தன் கீழ் பணியாற்றப் போகும் கான்செல்லாரியுஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் அவர் அந்தப் பட்டத்தின் பொருளை வைத்தே புத்திமதி சொல்கிறார். சாராம்சம் இதுதான்: உன் பெயரைக் கவனி. நீ இருப்பது கிராதிக்குள். சுவராக இருந்தால் மறைத்துவிடும், கிராதி மறைக்காது. உள்ளே நீ செய்வதெல்லாம் வெளியே நிற்பவர்களுக்குத் தெரியும்.

1500 வருஷத்துக்கு முந்தைய கடிதம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

முத்திரை கைக்கு வந்த கதை

டவாலி எப்படிப் பெரிய ஆள் ஆனார்? நம்ம எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்த காரணம்தான். பிரின்சிபாலைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் யாரைச் சரிக்கட்ட வேண்டும்? அதே கதை.

மன்னரிடம் போகும் காகிதம் எல்லாம் இவர் கை வழியாகப் போகும். மன்னரிடம் இருந்து வரும் காகிதமும் இவர் கை வழியாகத்தான் வரும். ஐரோப்பாவில் அப்போது பல மன்னர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாதிரியார்கள். எனவே அரசவையில் கடிதம் எழுதும் பாதிரியார் சான்சலர் ஆனார். கடிதம் உண்மையானது என்று காட்டும் அரச முத்திரையும் அவர் பொறுப்புக்கு வந்தது.

முத்திரை என்றால் சும்மா இல்லை. 1688 டிசம்பரில் இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் லண்டனை விட்டுத் தப்பி ஓடினார். ஓடும்போது அரசின் பெரிய முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் வீசிவிட்டுப் போனார். முத்திரை இல்லாவிட்டால் எதிரிகளால் முறைப்படி நாடாளுமன்றத்தைக் கூட்ட முடியாது என்பது அவர் கணக்கு. இன்றைய பாஷையில் சொன்னால், அட்மின் பாஸ்வேர்டைக் கிணற்றில் போட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்.

இங்கிலாந்தில் சான்சலராக இருந்த இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் தாமஸ் பெக்கெட். இரண்டாம் ஹென்றியின் சான்சலர், நெருங்கிய நண்பர். 1162இல் மன்னர் அவரையே கேன்டர்பரி பேராயர் ஆக்கினார். பெக்கெட் சான்சலர் பதவியை உதறிவிட்டுத் திருச்சபையின் பக்கம் நின்றார். 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்துக்குள்ளேயே மன்னரின் வீரர்கள் அவரைக் கொன்றார்கள்.

இன்னொருவர் தாமஸ் மோர். எட்டாம் ஹென்றியின் சான்சலராக 1529இல் பொறுப்பேற்று 1532இல் விலகினார். இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னரே தலைவர் என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1535இல் தலையை வெட்டிவிட்டார்கள்.

இருவருக்கும் ஒரே சிக்கல். காகிதம் இவர்கள் வழியாகப் போகிறது, ஆனால் காகிதத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். முத்திரையை வைத்திருப்பவர் "இதில் குத்த மாட்டேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? அவர்களுக்கு அதுதான் ஆனது.

சான்சலருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. வழக்கமான நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் மன்னருக்கு மனு போடுவார்கள். நம்ம ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது மாதிரி. மனுக்கள் குவியக் குவிய மன்னர் அவற்றைச் சான்சலரிடம் தள்ளிவிட்டார். அதில் இருந்தே சான்சரி நீதிமன்றம் பிறந்தது. ஏழைக்கு விரைவாக நியாயம் தர வந்த அந்த நீதிமன்றம், போகப் போக தலைமுறை தலைமுறையாக வழக்கை இழுப்பதற்குப் பெயர் எடுத்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 'பிளீக் ஹவுஸ்' என்று ஒரு பெரிய நாவலே அதைக் கிண்டலடித்து எழுதினார். 1870களில் அதை மற்ற நீதிமன்றங்களோடு இணைத்துவிட்டார்கள். கிராதிக்காரர் வழிவிடவும் செய்வார், வழிமறிக்கவும் செய்வார். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

ஜெர்மனியில் இதே பட்டம்

ஜெர்மன் மொழியில் இது 'கான்ஸ்லர்'. இடைக்காலத்தில் மைன்ஸ் நகரப் பேராயருக்கு ஜெர்மனியின் தலைமைச் சான்சலர் என்ற பட்டம் இருந்தது. 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானபோது பிஸ்மார்க் 'ரைக்ஸ்கான்ஸ்லர்' ஆனார். கிராதிக்காரரின் பட்டம் ஒரு நாட்டின் ஆட்சித் தலைவருக்கு வந்துவிட்டது.

1933 ஜனவரி 30 அன்று அதே பதவிக்கு ஹிட்லர் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் இறந்ததும், அந்தப் பதவியின் அதிகாரத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். வாசலில் நின்றவர் உள்ளே இருந்தவரின் நாற்காலியையும் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் பார்த்தது.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தில் ஜாக்கிரதையாக இருந்தார்கள். குடியரசுத் தலைவர் வேறு, சான்சலர் வேறு. சான்சலரை நாடாளுமன்றம் நீக்கலாம், ஆனால் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தால்தான் பழையவர் போவார். 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அந்த விதிப்படிதான்.

அதனால் தமிழ்ச் செய்திகளில் "ஜெர்மனி அதிபர்" என்று சான்சலரைக் குறிப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் குழப்பம் வருகிறது. அதிபர் என்று சொன்னால் நாம் நினைப்பது குடியரசுத் தலைவரை. அவர் ஜெர்மனியில் தனியாக இருக்கிறார். சான்சலர் என்பவர் நம்ம பிரதமர் மாதிரி.

சுவிட்சர்லாந்தில் இன்னும் சுவாரசியம். அங்கேயும் ஒரு சான்சலர் உண்டு. ஆனால் அவர் நாட்டின் தலைவர் இல்லை, ஏழு பேர் கொண்ட அமைச்சரவையின் உறுப்பினரும் இல்லை. அமைச்சரவையின் அலுவலகத்தை நடத்துபவர். பழைய எழுத்தர் வேலைக்கு மிக அருகில் இருக்கும் சான்சலர் அவர்தான்.

சரி, காலேஜுக்குள் எப்படி வந்தார்?

மன்னருக்குச் சான்சலர் இருந்தது போலவே, பெரிய தேவாலயங்களுக்கும் சான்சலர் இருந்தார். கடிதமும் முத்திரையும் அவர் பொறுப்பு. பாரிஸில் நோத்ர தாம் பேராலயத்தின் சான்சலருக்கு இன்னொரு அதிகாரமும் இருந்தது: யார் பாடம் நடத்தலாம் என்று உரிமம் தருவது. அந்த உரிமம்தான் நம்ம பட்டச் சான்றிதழின் தாத்தா.

உரிமம் தருபவர் ஒருவர்தான் என்றால் என்ன நடக்கும்? நீங்கள் நினைப்பதுதான் நடந்தது. காசு! 1179இல் மூன்றாம் லாட்டரன் சங்கம் கூடி, பாடம் நடத்தும் உரிமத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. வாங்காமல் இருந்திருந்தால் சட்டம் எதற்கு?

அடுத்த சம்பவம் இன்னும் பெரிசு. 1229இல் பாரிஸில் ஒரு மதுக்கடையில் பில் தகராறு. மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அடிதடி. காவலர்கள் இறங்கியதில் மாணவர்கள் சிலர் செத்துப்போனார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் ஸ்டிரைக் அறிவித்து ஊரையே காலி செய்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷம்! கடைசியில் 1231இல் போப் ஒன்பதாம் கிரிகோரி ஓர் ஆணை வெளியிட்டார். அதில் ஆசிரியர்களுக்குப் படிப்பை நிறுத்திவைத்துப் போராடும் உரிமை தரப்பட்டது. கூடவே சான்சலரின் கையும் கட்டப்பட்டது. தகுதியானவருக்கே உரிமம் தருவேன் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும், ஆசிரியர்களை விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆக, சான்சலருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற சண்டை நேற்று தொடங்கியது இல்லை. அதற்கு 800 வயசு.

இங்கிலாந்தில் பிற்காலத்தில் பெரிய பிரபுக்களைச் சான்சலராகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வந்தது. அவர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். எனவே அன்றாட வேலையைப் பார்க்க ஒரு வைஸ் சான்சலர். சான்சலர் விழாவுக்கு, வைஸ் சான்சலர் வேலைக்கு என்று ஆனது.

1857, சென்னை

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. சென்னைக்கான சட்டம் செப்டம்பர் 5 அன்று வந்தது. மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு சான்சலர் ஆனார். தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன் வைஸ் சான்சலர் ஆனார். ஆளுநரே சான்சலர் என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது. பிரிட்டிஷ்காரர்கள் போன பிறகும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அது தொடர்ந்தது.

தமிழில் இவர் வேந்தர். சங்க இலக்கியத்தில் வேந்தர் என்பது எல்லா மன்னருக்கும் கிடைத்த பட்டம் இல்லை. முடி சூடிய சேர, சோழ, பாண்டியர் மூவருக்கே அது உரியது. அதனால்தான் மூவேந்தர் என்கிறோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அவ்வளவு புகழ் பெற்றவர், ஆனாலும் அவர் வேள், வேந்தர் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ரோமில் டவாலி, தமிழில் முடிசூடிய மன்னர்! உலகத்தில் வேறு எந்த வார்த்தைக்கும் மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு ப்ரமோஷன் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. அந்த நாற்காலியில் ஆளுநர், அதாவது அரசரின் பிரதிநிதி, உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் தமிழும் அரச சொல்லை எடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். செய்கிற வேலையை விட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கும் ஆளின் உயரத்தை மொழிபெயர்த்திருக்கிறோம்.

இந்தியில் வேறு பாதை. சான்சலர் குலாதிபதி, வைஸ் சான்சலர் குலபதி. குலபதி என்றால் குருகுலத்தின் தலைவர். 'பதி' என்பதில் தலைவன், கணவன் என்ற வாடை இருக்கிறது என்று மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் அண்மையில் குலபதியைக் 'குலகுரு' என்று மாற்றின. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இது பதில். ஒரு பெயருக்காகச் சட்டத்தையே திருத்தும் அளவுக்குப் பெயரில் ஏதோ இருக்கிறது.

நம்மிடமே ஒரு சொல் இருந்தது

சான்சலர் செய்த அசல் வேலை என்ன? ஆள்பவர் சொன்னதை எழுதி, சரிபார்த்து, அதிகாரபூர்வமாக்கி வெளியே அனுப்புவது. இந்த வேலைக்குத் தமிழில் சொல் இருந்ததா?

இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை' என்ற அதிகாரி வருகிறார். மன்னரின் ஆணையை ஓலையில் எழுதுபவர். அதைப் பார்த்து ஒப்பமிடும் மேலதிகாரி 'திருமந்திர ஓலைநாயகம்'. ஒரு நிலதானம் என்றால், மன்னர் வாயால் சொன்னதும் முடிந்துவிடாது. ஓலை எழுதப்பட வேண்டும், ஓலைநாயகம் ஒப்பமிட வேண்டும், 'புரவுவரித் திணைக்களம்' என்ற வரித்துறைக் கணக்கில் ஏற வேண்டும். அப்புறம்தான் கல்லில் வெட்டுவார்கள். நம்ம ஃபைல் நகர்கிற அதே ரூட், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி.

(சின்ன இடைச்செருகல்: அந்தத் 'திணைக்களம்' இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் துறை என்று சொல்வதை இலங்கைத் தமிழில் இன்றும் திணைக்களம் என்றுதான் எழுதுகிறார்கள்.)

ஆகவே சான்சலர் என்பதை வேலையைப் பார்த்து மொழிபெயர்த்திருந்தால், அவர் ஓலைநாயகம் ஆகியிருப்பார். வைஸ் சான்சலர் துணை ஓலைநாயகம். கேட்கக் கொஞ்சம் காமெடியாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டிக்கு உடனே புரிந்திருக்கும். "ஓ, ஓலையில கையெழுத்துப் போடுறவரா?" ஆமாம் பாட்டி, அவரேதான்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. இந்தப் பட்டத்தைச் சுற்றித்தான் நம்ம மாநிலத்தில் பல வருஷமாக வழக்கு நடக்கிறது.

துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடம் இருந்து மாநில அரசுக்கு மாற்ற, 2022 ஏப்ரலில் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்கவில்லை. 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி 10 மசோதாக்களை மறுபடி நிறைவேற்றினார்கள். ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம், துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு அதன் பிறகும் நீண்டது. கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலும் 2022இல் வேந்தர் பதவியில் இருந்து ஆளுநரை மாற்ற மசோதாக்கள் வந்தன. மாற்று ஏற்பாடு நம்மிடமே உண்டு. 2013இல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சர்தான் வேந்தர். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நடத்தும் அறக்கட்டளையே வேந்தரை நியமிக்கிறது.

யார் பக்கம் நியாயம் என்று சொல்வதற்கு நான் வரவில்லை. அது உங்களுக்குள் விவாதிக்க வேண்டிய விஷயம், விவாதியுங்கள். ஆனால் இந்தச் சண்டைக்கு நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் இருந்தும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில் இருந்தும் துணைவேந்தர் நாற்காலி நீண்ட காலம் காலியாக இருந்தது. ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகம் பார்த்தது.

எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் அக்கா, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும் பட்டச் சான்றிதழ் கைக்கு வராமல் தவித்தார். எந்த இடம் என்பது வேண்டாம். ப்ரொவிஷனல் சர்ட்டிஃபிகேட்டை ஸ்கேன் செய்து அனுப்பி, "கையெழுத்து இன்னும் ஆகவில்லை" என்று அந்த ஊர் அலுவலகத்துக்கு மெயில் மேல் மெயில் போட்டார். நான்கு வருஷம் படித்து, அரியர் இல்லாமல் பாஸ் செய்து, கடைசியில் எல்லாம் ஒரு கையெழுத்தில் வந்து நிற்கிறது. கிராதிக்கு இந்தப் பக்கம் நிற்பதன் வலி அவருக்குத்தான் தெரியும்.

வேந்தர் என்று சொல்லும்போது, கையெழுத்து என்பது ஏதோ மன்னர் இரங்கித் தரும் வரம் போலத் தோன்றுகிறது. நாமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். பட்டத்தின் பழைய அர்த்தம் தெரிந்தால் பார்வை மாறும். அது வரம் இல்லை, வேலை. ஒரு காகிதம் உள்ளே போய், சரிபார்க்கப்பட்டு, முத்திரையோடு வெளியே வர வேண்டும். அதைச் செய்யத்தான் அந்தப் பதவியே உண்டானது.

கஸியோடோருஸ் கடிதத்துக்கு வருவோம். கிராதி தடுக்கும், ஆனால் மறைக்காது. உள்ளே இருப்பவர் நம்மைப் பார்க்கிற அளவுக்கு நாமும் அவரைப் பார்க்கலாம். ஃபைல் எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் நகரவில்லை என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அந்தப் பட்டத்துக்குள்ளேயே அந்த உரிமை எழுதியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு 2005இல்தான் வந்தது. கஸியோடோருஸ் அந்தப் புத்திமதியை 6ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் எனக்கும் பட்டமளிப்பு. அழைப்பிதழ் வந்ததும் பாட்டி மறுபடி கேட்பார். இந்த முறை பதில் தயார்:

"ராஜா இல்ல பாட்டி. நம்ம சர்ட்டிஃபிகேட் மாதிரி காகிதத்தைச் சரிபார்த்து வெளியே அனுப்புற வேலைக்கு வந்த பட்டம் அது."

பாட்டியை எனக்குத் தெரியும். அடுத்த கேள்வி இப்படித்தான் இருக்கும்: "அப்ப ஏண்டா உங்க அண்ணனுக்கு இவ்வளவு லேட்டா வந்துச்சு?"

அந்தக் கேள்வியை நான் பதில் சொல்லாமல் கவுண்ட்டருக்கு எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். நீங்களும் வாங்க.